கட்டைவிரலில் ஒட்டிய நீலம்

வெள்ளைச் செவ்வந்தியைக் காம்போடு கொத்தாகப் பிடித்து, தலைகீழாகச் சாய வாளிக்குள் முக்கி, மூன்று எண்ணுகிறவரை வைத்திருந்து, தூக்கி உதறி, கயிற்றில் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அடுத்த கொத்தை எடுக்கிற வேலையில் மாடத்தியின் கை இருந்தது. மனசு அங்கே இல்லை. கல்யாணமாகி ஆலடிப்பேட்டைக்கு வந்த மூன்றாம் மாதத்திலிருந்து பூ முக்குகிறாள். மணிக்கட்டு வரைக்கும் நீலம். சோப்புக்கும் போகவில்லை, புளிக்கும் போகவில்லை, போகாது என்று தெரிந்த பிறகு தேய்ப்பதையும் விட்டுவிட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்பாள், கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அதற்குமேல் கேட்டால் பிள்ளை அழுகிறது என்று உள்ளே போய்விடுவாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

பூவில் நீலம் கிடையாது. ஆலடிப்பேட்டைப் பூச்சந்தையில் தவழ்கிற குழந்தைக்கும் அது தெரியும். சிவப்பு கேட்டால் உண்டு, மஞ்சள் கேட்டால் மலையாய்க் குவிந்து கிடக்கும், வெள்ளை சொல்லவே வேண்டாம். சங்குப்பூவைக் காட்டி இது நீலம்தானே என்று வெளியூர்க்காரர் யாரும் கேட்டால், "அது ஊதாவய்யா, வெயில்ல பிடிச்சுப் பாரும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனாலும் கல்யாண மேடைக்கு நீலம் வேண்டும் என்கிறார்கள், அதனால் வெள்ளையை முக்குகிறார்கள். வாங்க வருகிறவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு இதழில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார், விரலில் நீலம் ஒட்டும், "சாயந்தானே" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார். தன்னை யாரும் ஏமாற்றவில்லை என்று தெரிந்துகொண்டு வாங்குவதில் ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை, சாயக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தாணு முதலாளியின் செவ்வந்தி வயல் நீலமாகப் பூத்தது.

முதலில் பார்த்தவள் மாடத்திதான். பிள்ளைக்குச் சேலைத் தொட்டில் கட்ட வேப்பமரத்தடிக்குப் போனவள் வயலைப் பார்த்தாள், தொட்டில் கயிற்றைப் பார்த்தாள், மறுபடியும் வயலைப் பார்த்தாள். யாரோ ராத்திரி வந்து செடியோடு முக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். விரலை வைத்துப் பார்க்கலாம் என்றால் அவள் கட்டைவிரல் ஏற்கெனவே நீலம், அதில் என்ன தெரியும்? இடுப்பில் இருந்த எட்டு மாதத்து முத்தரசி சப்பிக்கொண்டிருந்த விரலை மெல்லப் பிடுங்கி, அந்த ஈர விரலால் இதழைத் தேய்த்தாள். பிள்ளையின் விரல் போனபடியே திரும்பி வந்தது. ஒன்றும் ஒட்டவில்லை. பிள்ளை அதை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டது.

தாணு முதலாளி வந்து தேய்த்தார், ஒட்டவில்லை. சந்தைக்குக் கொண்டுபோனார்கள், வாங்க வந்தவர்கள் எல்லோரும் தேய்த்தார்கள், யாருக்கும் ஒட்டவில்லை, ஒட்டாததால் யாரும் வாங்கவில்லை. "ஒட்டாத சாயமா? அது ஏதோ விஷச் சாயம்வே, பொண்ணு மாப்பிள்ளைக்கு அரிச்சா எவன் பதில் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு, மாடத்தி முக்கின செவ்வந்தியைத் தேய்த்து, ஒட்டினதைப் பார்த்து, நிம்மதியாக வாங்கிக்கொண்டு போனார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பூத்த நீலச் செவ்வந்தி கூடை கூடையாகக் கொட்டகைக்குத் திரும்பி வந்தது. விற்காத பூ வாடிப் போவானேன் என்று கொட்டகைப் பெண்கள் ஆளுக்கு ஒன்று தலையில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளை சேலை நுனியைப் பிடித்து இழுத்ததில் மாடத்திக்கு மட்டும் அன்றைக்கு வைக்க நேரமில்லை.

வைத்துக் கால் மணி நேரம் இருக்கும். மாடத்திக்குப் பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த தைலம்மை, பாதி முடிச்சில் நாரை விட்டுவிட்டு எழுந்தாள். "எங்கக்கா?" என்றாள் மாடத்தி. "தெரியலையே" என்றாள் தைலம்மை, ஆனால் அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. அது வரப்பில் இறங்கி, ரோட்டில் ஏறி, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றது. அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர். எட்டுப் பேரும் எட்டு பஸ்ஸில் எட்டுத் திசைக்குப் போனார்கள். ஒருத்தி கடலைப் பார்க்கப் போனாள், முப்பது மைலில் இருக்கிற கடலை அவள் நாற்பது வயதுவரை பார்த்ததில்லை. ஒருத்தி தான் எட்டாம் வகுப்போடு நின்ற பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். தைலம்மை, பதினொரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தங்கச்சி வீட்டுக்குப் போனாள். பொழுது சாயத் தலையில் பூ வாடியது, பூ வாடியதும் கால் திரும்பியது, இருட்டுவதற்குள் எட்டுப் பேரும் வீட்டில் அடுப்புப் பற்றவைத்துவிட்டார்கள்.

"எங்கட்டி போயிருந்த?" என்று கேட்ட புருஷன்மார்களிடம் எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "பூ கூட்டிட்டுப் போச்சு."

ஆலடிப்பேட்டை அதை ஒரு வாரம் பேசியது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது. பூ கூட்டிக்கொண்டு போனால் அவள் என்ன செய்வாள் பாவம் என்று மாமியார்களே சொல்ல ஆரம்பித்தார்கள், ஏனென்றால் மூன்றாம் வாரத்தில் மாமியார்களையும் பூ கூட்டிக்கொண்டு போனது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பது தோதாய்ப் போனது, கண்டக்டர் தலையைப் பார்த்துவிட்டு, "பூவா? எங்க போகுதாம்?" என்று கேட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆண்கள் புளிக்குழம்பு வைக்கப் படித்தார்கள். தையல்காரர் ஒருவர் வைத்த குழம்பு அவர் பெண்டாட்டி வைப்பதைவிட நன்றாக இருந்தது என்று தெரிந்து, அந்த வீட்டில் மட்டும் கொஞ்ச நாள் சண்டை. மாரியம்மன் கோவில் பூசாரி, "சனீஸ்வரனுக்கு வைக்கலாம், அம்மனுக்குக் கூடாது, அம்மன் எழுந்து நடந்துட்டா யாரு பிடிக்க?" என்று சொல்லியிருந்தார். யாரோ கேட்காமல் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அம்மன் கருவறையில் இல்லை, வெளிப்படியில் ரோட்டைப் பார்த்து நின்றிருந்தாள், பூ வாடியிருந்தது. பூசாரியும் இரண்டு பேரும் தண்ணீர் தெளித்து, மன்னிப்புக் கேட்டு, தூக்கி உள்ளே வைத்தார்கள். அதற்கப்புறம் அம்மனுக்கு அரளிதான்.

இதிலே புருஷன்மார்கள் சிலர் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். பெண்டாட்டி பூ வைத்ததும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு தேய்ப்பு. ஒட்டினால் சாயம், அவள் இன்றைக்கு வீட்டில் இருப்பாள். ஒட்டாவிட்டால் அரிசியை இவர்களே களைய வேண்டியதுதான். முன்னாலே ஏமாறாமல் இருக்கத் தேய்த்த ஊர் இப்போது தனியாக விடப்படாமல் இருக்கத் தேய்த்தது. மாடத்தி முக்கின சாயப் பூவுக்குக் கிராக்கி கூடியது. அவள் கையில் நீலம் முழங்கையைத் தொட ஏறியது.

அவள் மட்டும் பூ வைக்கவில்லை. அவளுக்குப் போக இடம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு இடம் இருந்தது, அதனால்தான் பயம்.

முத்தரசிக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு மாடத்தியின் அண்ணன் சிவனணைந்தான் வரப் பிந்திவிட்டது. அவன் நெடுங்கரையில் மரவேலை செய்கிறவன். மருமகளுக்கு வேம்பில் தன் கையால் இழைத்த தொட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் வழியில் நின்றுபோனதால் மூன்று மைல் நடந்து வந்து சேர்ந்தபோது, பேர் வைத்து முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மாமன் வராமல் எப்படி என்று யாரோ கேட்டதற்கு, மாடத்தியின் மாமியார் ஆவுடையம்மாள், "மாமன் மடி இல்லாட்டி ஒரு பலகையைப் போட்டாப் போச்சு, பலகை பிந்தியா வரும்?" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்றிருந்த சிவனணைந்தான் தொட்டிலை இறக்கி வைத்தான், பிள்ளையைப் பார்க்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வந்த வழியே போனான். மாடத்தி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அண்ணே" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். வாய் வரவில்லை. அந்தத் தொட்டிலில் இப்போது ஆவுடையம்மாள் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள்.

ஆவணி பத்தில் முத்தரசிக்குக் காதுகுத்து. குலசாமி கோவிலில். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அழைக்கப் போக யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் புருஷன் கொம்பையா சந்தையில் மூட்டை ஏற்றுகிறவன், இருநூறு கிலோவைத் தோளில் வாங்குவான், அம்மா பேச்சை மட்டும் தள்ளமாட்டான். "எங்கம்மா, என் கூட்டாளி மடியிலயே வச்சுக் குத்திரலாம்னு சொல்லுதா. நான் என்ன செய்ய?" என்றான். மாடத்தி ஒரு நாள் அவன் போனில் அண்ணனைக் கூப்பிட்டாள். அவள் பேசவில்லை, அழுதாள். அண்ணன்தான் பேசினான்.

"அழைக்கணும்னா நீ வா. உன் வாயால கூப்பிடு. உன் மாமியா சொல்லி வந்தேன்னு வராத. பூ கூட்டிட்டு வந்துச்சுன்னும் வராத, இங்கயும் கேள்விப்பட்டோம். நீ வந்தா வாரேன்."

தைலம்மையிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "கிறுக்கி, கூடை நிறையக் கிடக்கு. ஒண்ண எடுத்து வச்சிக்கிட்டுப் போ. திரும்பி வந்து பூ மேல பழியைப் போடு. உன் மாமியாவே போன வாரம் பூ கூட்டிட்டுப் போச்சுன்னு சினிமாவுக்குப் போயிட்டு வரலையா? யாரு கேப்பா?"

"அண்ணன் கேப்பான்க்கா."

தைலம்மை சிரிப்பை நிறுத்தினாள். கையிலிருந்த நாரைப் பிரித்தாள். "கேக்கத்தான் செய்வாக" என்றாள். "நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போனேம்லா. கட்டிப்பிடிச்சோம், அழுதோம், சோறு போட்டா. பாதிச் சோத்துல பூ வாடிருச்சு. கால் எந்திரிச்சுட்டு. கையைக்கூடக் கழுவலை, பஸ்ஸுக்கு வந்துட்டேன். அவ ஊரெல்லாம் சொல்லுதாளாம், பூதான் வந்துச்சு, எங்கக்கா வரலைன்னு."

அதிலிருந்து மாடத்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. முக்குகிற கொத்தை மூன்றுக்குப் பதில் முப்பது எண்ணுகிறவரை வைத்திருந்து கறுப்பாக்கினாள். வாளியைப் பார்த்துத் தனக்குத்தானே பேசினாள், "அண்ணே, வர்ற ஆவணி பத்து" என்று தொடங்குவாள், யாராவது வந்தால் இருமுவாள். பூ வைத்து ஊர் சுற்றின பெண்களெல்லாம் ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்கள், பூ வைக்காத இவள் கால்தான் பாயில் கிடந்து நடந்துகொண்டே இருந்தது.

ஆவணி ஏழாம் தேதி காலை. கொட்டகையில் இரண்டு கூடை இருந்தன. ஒன்றில் வயலில் பூத்த நீலம். இன்னொன்றில் வெள்ளை. வயல் நீலத்தைப் பார்த்தால் கண் அதில் நிற்காது, இறங்கிக்கொண்டே போகும், அடியில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். மாடத்தி அந்தக் கூடைமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். வெள்ளைக் கூடையில் ஒரு பூவை எடுத்தாள், நல்ல பூவாகப் பார்த்துக்கூட எடுக்கவில்லை, கைக்கு வந்ததை எடுத்தாள், வாளியில் முக்கினாள், ஒன்று, இரண்டு, மூன்று. உதறினாள். காயவிடவில்லை. தலையில் வைத்தாள். கழுத்தில் ஒரு சொட்டு சில்லென்று இறங்கியது. பிள்ளையைச் சேலைத் தொட்டிலிலிருந்து இடுப்பில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு வாசலில் ஆவுடையம்மாள் தொட்டிலைப் பக்கத்தில் இழுத்து வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் நெடுங்கரைக்குப் போயிட்டு வாரேன். எங்க அண்ணனைக் கூப்பிட."

மருமகள் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி ஆவுடையம்மாள் கேட்டதில்லை. நிமிர்ந்து தலையைப் பார்த்தாள். "ஓகோ. உன்னையும் பிடிச்சிருச்சா? போ, போ, பூ கூட்டிட்டுப் போனா போய்த்தானே ஆகணும்" என்று வெங்காயத்துக்குத் திரும்பினவளுக்கு என்னவோ போலிருந்தது. எழுந்து வந்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு இதழில் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது சாயமில்லா?"

"ஆமா அத்தை."

"சாயப் பூவ வச்சிக்கிட்டு எப்படிட்டி கால் நடக்கும்?"

மாடத்தி தன் காலைப் பார்த்தாள். அது படியிறங்கித் தெருவில் நின்றுகொண்டிருந்தது.

"நடக்கு அத்தை" என்றாள்.

ஆவுடையம்மாளுக்குத் திட்ட ஆயிரம் வார்த்தை உண்டு. பூவைத் திட்டலாம், பூவைச் சொல்லி மருமகளை மன்னிக்கவும் செய்யலாம், அதற்கெல்லாம் இந்த ஒரு மாதத்தில் ஊரில் முறை வந்துவிட்டது. தானாகப் போகிறவளுக்கு என்ன சொல்வது என்று யாரும் இன்னும் முறை வைக்கவில்லை. மாமியார் நீலம் ஒட்டிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பத்தடி போன மாடத்தி, திரும்பாமலே, காற்றுக்குச் சொல்வதுபோல், "அந்த வெங்காயத்தை வேற கூடைக்கு மாத்திருங்கத்தை. பிள்ளை தூங்கணும்லா" என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று இடுப்பில் இருந்த முத்தரசியைப் பார்த்தாள். முத்தரசி விரல் சப்பிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர், "பூ எங்க போகுது?" என்றார். "பூ போகலை. நான் நெடுங்கரை போறேன்" என்றாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, அண்ணே, வர்ற ஆவணி பத்து உன் மருமவளுக்குக் காதுகுத்து, நீ வந்து உன் மடியில வச்சுக்கிடணும் என்று சொல்லிப் பார்த்தாள். வாழைத்தோப்புக்குச் சொன்னாள், ரயில்வே கேட்டுக்குச் சொன்னாள், கேட்டில் பஸ் நின்றபோது பாதியில் மறந்து முதலிலிருந்து சொன்னாள். கூட்டமும் வெக்கையுமாக இருந்தது. வேர்வையில் சாயம் கரைந்து கழுத்தில் இறங்கி, ரவிக்கையின் பின்பக்கம் ஒரு நீலக் கோடு போட்டது. பக்கத்தில் இருந்தவள், "ஏம்மா, பூ வடியுதே" என்றாள். "வடியட்டும்" என்றாள் மாடத்தி. பாதி வழியில் இரண்டு முறை இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைப்பு வந்தது. வயல் பூவாக இருந்தால் அப்படி வராது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

நெடுங்கரையில் அண்ணன் வீட்டு முன்னால் பட்டறை. சிவனணைந்தான் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். தங்கச்சியைப் பார்த்தான், இடுப்பில் பிள்ளையைப் பார்த்தான், முகம் விரியப் போனது, அப்போது தலையில் இருந்த நீலத்தைப் பார்த்தான். விரிய வந்த முகம் பாதியில் நின்றது. வா என்றும் சொல்லவில்லை, இழைப்புளியைக் கையை விட்டு வைக்கவும் இல்லை.

"பூவா?" என்றான்.

அவளுக்குப் பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் முதல் சொல்லே மறந்துபோனது. தலையைக் குனிந்து அவன் முன்னால் நீட்டினாள்.

சிவனணைந்தான் இழைப்புளியை வைத்தான். கட்டைவிரலை நாக்கில் தொட்டான். வாடிச் சுருண்டு தொங்கின இதழில் ஒரு தேய்ப்புத் தேய்த்தான். விரலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ரேகை ரேகையாக நீலம் ஒட்டியிருந்தது. பூ வாடி எவ்வளவோ நேரமாகியிருந்தது, அவள் கால் இன்னும் அவன் முன்னால்தான் நின்றது.

"சாயம்" என்றான்.

"ஆமாண்ணே. நானே முக்கினது."

அவன் இழைத்துக்கொண்டிருந்த பலகைமேலேயே பொத்தென்று உட்கார்ந்தான். இரண்டு கையையும் நீட்டினான். முத்தரசி புது ஆள் என்று பார்க்காமல் தாவியது. மடியில் உட்கார்த்தி, மரச்சுருளை அதன் கையில் கொடுத்து, திருஷ்டிக்கு மை தேடுகிறவன்போல் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, தன் கட்டைவிரலையே பிள்ளையின் கன்னத்தில் ஒரு அழுத்து அழுத்தினான்.

மாடத்திக்கு அப்போதுதான் சொல் ஞாபகம் வந்தது. "அண்ணே, வர்ற ஆவணி பத்து உன் மருமவளுக்குக் காதுகுத்து, நீ வந்து உன் மடியில" என்று ஆரம்பித்தாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மைனி, அண்ணன் பெண்டாட்டி, சத்தம் போட்டாள். "ஏட்டி மாடத்தி, வாசல்லயே நின்னுட்டா எப்படி? வெயில்ல வந்திருக்க, மொதல்ல உள்ள வா, கையக் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிடு!"

"இந்தா வாரேன் மைனி" என்று, முந்தானைக்குள் ஒளிக்காத இரண்டு நீலக் கையையும் வீசிக்கொண்டு படியேறினாள். மிச்சச் சொல்லைச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லலாம், பிள்ளைதான் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மரத்தூளுக்கு நடுவே, மாமன் மடியில், கன்னத்தில் அந்தப் பொட்டோடு முத்தரசி சிரித்தது, அந்த நீலம் இருக்கிறதே, அது வயலில் பூத்ததும் இல்லை, வாளியில் கரைத்ததும் இல்லை, அது வந்து, மாமன் கட்டைவிரல் வைத்தது.